நான் தோற்றால் யாருக்கு லாபம்?

ஜப்பானின் ஃபிரம் சாஃப்ட்வேர் நிறுவனம் 2019 மார்ச்சில் வெளியிட்ட ‘செகிரோ’ என்ற வீடியோ கேமில் ஈஸி மோட் கிடையாது. எளிதா, நடுத்தரமா, கடினமா என்று பெரும்பாலான கேம்கள் தொடக்கத்திலேயே கேட்டுவிடும். இது கேட்காது. கை தேர்ந்தவருக்கும் முதன்முதலாகக் கண்ட்ரோலரைத் தொடுபவருக்கும் ஒரே வாள், ஒரே எதிரி, ஒரே சாவு. எல்லோரும் ஒரே கஷ்டத்தைக் கடந்து வந்து அந்த மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது இதை இயக்கிய ஹிதெடாகா மியாசாகியின் எண்ணம். அது திமிர் என்றார்கள் சிலர். அதுதான் கலை என்றார்கள் வேறு சிலர். அந்தச் சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை.

நான் அந்தச் சண்டையை வேறொரு காதால் கேட்டேன். என் அப்பா மயிலாடுதுறையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வருடக்கணக்காகச் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய்வந்தவர். ஆண்டவன் ஏன் மறைந்து நிற்கிறான் என்பதைப் பற்றிச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து வாதாடும் வீடு எங்களுடையது. அன்புள்ள ஒருவர் தன் அன்புக்குரியவருக்குக் கஷ்டம் கொடுக்கலாமா, கொடுத்தால் எதுவரை, அந்தக் கஷ்டத்தில் கொடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது? அந்த வீட்டில் நான் கேட்டு வளர்ந்த கேள்விகள் இவை. நாற்பது வயதில், வங்கி வேலை முடிந்து வந்து, இரவில் டிவி முன் கண்ட்ரோலரோடு உட்காரும்போதும் அதே கேள்விகள்தான் எதிரே நிற்கின்றன.

அஷினா கோட்டையின் உச்சியில் கெனிசிரோ என்றொரு தளபதி காத்திருப்பான். செகிரோ ஆடியவர்கள் யாரைக் கேட்டாலும் அவனைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். எதிரியின் வாள் நம்மேல் விழும் அதே கணத்தில் எல்1 பொத்தானைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் கணீரென்று ஓசை வரும், ஆரஞ்சு நிறத்தில் பொறி பறக்கும், அவன் நிலை சற்றுக் குலையும். கொஞ்சம் முந்திவிட்டால் அது வெறும் தடுப்பு, குலைவது நம் நிலை. பிந்தினால் வெட்டு. அவன் துள்ளி எழுந்து இறங்கியதும் திரையில் சிவப்பாக ஒரு எழுத்து மின்னும். அடுத்து வருவது குத்தா, காலை வாரும் வீச்சா என்பதை அவன் தோளைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வீச்சென்றால் குதிக்கலாம். குத்தென்றால் பின்வாங்கத்தான் உடம்பு சொல்லும். ஆனால் அங்கே பிழைக்கும் வழி முன்னால் போவதுதான். வாள் முனையை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்து, அந்த வாளையே மிதித்து நிறுத்த வேண்டும்.

அந்த ஓர் அடிக்காக நான் பல இரவுகள் செத்தேன். அவனை ஒருவழியாக வீழ்த்தினால் கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மின்னலோடு மறுபடி எழுவான். மின்னல் வரும்போது தரையில் நிற்கக் கூடாது. எம்பி, அந்தரத்தில் அதை வாங்கி, கால் தரையைத் தொடுவதற்குள் அவன் மேலேயே திருப்பி வீச வேண்டும். முதல் முறை அது கைகூடியபோது நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்துவிட்டாள்.

இந்த ஆட்டத்தில் சாவு எப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பதை நான் வெகுநேரம் யோசித்திருக்கிறேன். செத்தால் கையிலிருக்கும் காசில் பாதியும், சேர்த்த அனுபவப் புள்ளிகளில் பாதியும் போகும். சில சமயம் ‘காணா உதவி’ என்ற ஒன்று குறுக்கிட்டு அந்த இழப்பைத் தடுக்கும். அதற்கான வாய்ப்பு முதலில் 30 சதவீதம். திரும்பத் திரும்பச் செத்து உயிர்த்துக்கொண்டே இருந்தால், வழியில் நாம் சந்தித்த எளிய மனிதர்கள் இருமத் தொடங்குவார்கள். நம் உயிர்ப்புக்கு அவர்கள் உயிரிலிருந்து எடுக்கப்படுகிறது. நோய் பரவப் பரவக் காணா உதவியின் வாய்ப்பும் குறைந்துகொண்டே வரும். என் தோல்வி என்னோடு முடியவில்லை என்று ஓர் ஆட்டம் எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. இவ்வளவுக்கும் பிறகு, செத்தவர் கண் விழிப்பது பக்கத்திலேயே இருக்கும் ஒரு சிறு சிலையின் முன்னால். அங்கே உட்கார்ந்தால் காயம் ஆறும், மருந்துக் குடுவை நிரம்பும். எழுந்து நடந்தால் கெனிசிரோ அங்கேயே நிற்பான்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே போனது சிவஞான சித்தியாருக்கு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதியது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழிலையும் இறைவன் எதற்காகச் செய்கிறான் என்று அங்கே கேள்வி வருகிறது. விளையாட்டு என்று சொன்னாலும் சரிதான் என்று முதலில் ஒத்துக்கொள்கிறார் அருணந்தி. ஆனால் அங்கே நிற்கவில்லை. உயிர்கள் வினையை அனுபவித்துக் கழிக்கவும், உயிரைப் பற்றியிருக்கும் மலம் என்னும் அழுக்கு நீங்கி வீடு பெறவும் என்று மேலே போகிறார். அழித்தல் என்பது களைத்த உயிருக்கு இளைப்பாற இடம் தருவது. மறைத்தல் என்பது மலத்தைப் பழுக்க வைப்பது. பார்க்கப்போனால் ஐந்துமே அருள்தான் என்று முடிக்கிறார்.

“சங்காரம்கறது இளைப்பாற்றல், பாப்பா. உன் ஜப்பான்காரன் செத்தவனைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறானே, அவனுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க” என்றார் அப்பா.

அந்த ஒப்பீடு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைப் பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு அதிலிருந்து எனக்குக் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். இறைவனின் மறைத்தல் அருள் என்று சித்தாந்தம் துணிந்து சொல்வதற்கு ஒரே ஆதாரம், அவனுக்கு அதில் எந்த ஆதாயமும் இல்லை என்பது. உயிர் தடுமாறுவதால் அவனுக்குக் கூடுவது எதுவுமில்லை. ஆதாயம் ஒரு துளி இருந்தாலும் அந்த வாதம் முழுக்கச் சரிந்துவிடும். செகிரோவை நான் ஒருமுறை காசு கொடுத்து வாங்கினேன். அதன்பின் கெனிசிரோவிடம் எத்தனை தடவை செத்தாலும் அந்த நிறுவனத்துக்கு ஒரு யென்கூடச் சேராது. அந்தக் கஷ்டம் என்னை நோக்கி மட்டுமே செய்யப்பட்டது. அதனால்தான் அதை என்னால் நம்ப முடிந்தது, வாள் முனையை நோக்கி அடி எடுத்துவைக்கவும் முடிந்தது.

கஷ்டத்திலேயே காசு பார்க்கும் ஆட்டங்களும் உண்டு. அப்படிக் கஷ்டத்தை விற்பது புதிதும் அல்ல. 1985இல் அட்டாரி நிறுவனம் ‘காண்ட்லெட்’ என்ற ஆட்டத்தைக் காசு போட்டு ஆடும் ஆர்கேட் கடைகளில் வைத்தது. அதில் உங்கள் உயிர் ஓர் எண். நீங்கள் சும்மா நின்றாலும் அந்த எண் இறங்கிக்கொண்டே இருக்கும். இன்னொரு காசு போட்டால் ஏறும். எவ்வளவு திறமை இருந்தாலும் கடிகாரம் உங்களைத் தின்றுவிடும். 2012இல் வந்த ‘கேண்டி க்ரஷ் சாகா’ அதையே ஃபோனுக்கு மாற்றியது. ஐந்து உயிர். ஒன்று போனால் திரும்ப வர 30 நிமிடம். காத்திருக்கலாம், நண்பர்களிடம் கேட்கலாம், அல்லது காசு கொடுக்கலாம். அதைச் செய்த கிங் நிறுவனத்தை 2016இல் ஆக்டிவிஷன் பிளிசார்ட் வாங்கிய விலை 590 கோடி டாலர். பொறுக்க முடியாத அரைமணி நேரங்களுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று நினைத்துப் பார்க்கிறேன்.

2017 நவம்பரில் இது முற்றியது. ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2’ முழு விலைக்கு விற்கப்பட்ட ஆட்டம். அதில் டார்த் வேடராக ஆட வேண்டுமென்றால் 60,000 கிரெடிட் சேர்க்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்து நாற்பது மணிநேரம் ஆகும் என்றார். முன்னேற்றத்தைத் தரும் லூட் பாக்ஸ்களைக் காசுக்கும் வாங்கலாம். உள்ளே என்ன இருக்கும் என்பது பிரித்த பிறகுதான் தெரியும். வேடரைத் திறக்கும்போது ஒரு சாதனை உணர்வு வர வேண்டும் என்பதற்காகத்தான் இப்படி என்று அதை வெளியிட்ட இஏ நிறுவனம் விளக்கம் சொன்னது. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். செகிரோ போன்ற ஆட்டங்களின் நியாயத்தை எடுத்துக் கடையில் மாட்டினார்கள். எதிர்ப்பு வலுத்ததும் அந்த விலையை முக்கால்வாசி குறைத்தார்கள், வெளியீட்டுக்கு முன்னால் காசு வாங்குவதையே நிறுத்திவைத்தார்கள். அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் இத்தகைய லூட் பாக்ஸ்கள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று அறிவித்தது. அதே 2017இல் ஆக்டிவிஷனுக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. புதிதாக ஆடும் ஒருவரை, காசு கொடுத்து வாங்கிய ஆயுதம் வைத்திருப்பவரோடு மோதவிட்டு, அந்த ஆயுதத்தின் மேல் ஆசையைக் கிளப்பும் முறை அது. எந்த ஆட்டத்திலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒருவரைத் தோற்கடிப்பதை முன்கூட்டியே திட்டமிட்டு வரைபடமாக எழுதிவைக்க முடிந்திருக்கிறது.

என் தம்பி மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் ஃபோனில் ஒரு கால்பந்து கேம். பேர் வேண்டாம், எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. உள்ளே எந்த ஆட்டக்காரர் இருக்கிறார் என்று தெரியாத ‘பேக்’ ஒன்றை அவன் பிரிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரை இருண்டு ஒரு சுரங்கப்பாதை தெரிந்தது. முதலில் ஒரு நாட்டுக் கொடி. அடுத்து அந்த ஆட்டக்காரர் ஆடும் இடம். முகம் கடைசியில்தான். கொடி அர்ஜென்டினா என்றதும் பையன் மூச்சை நிறுத்தினான். இடம் தடுப்பாட்டம் என்று வந்தது. வேறு யாரோ ஒருவர். அவன் முகம் விழுந்த அதே நொடியில் திரையின் ஓரத்தில் ஒரு சலுகை எட்டிப்பார்த்தது, இன்னும் கொஞ்ச நேரம் மட்டும் என்று. விலை ரூபாயில் இல்லை, ரத்தினக் கற்களில். கற்களைக் கட்டாகத்தான் வாங்க முடியும், கட்டு எதுவும் பேக்கின் விலையோடு ஒத்துப்போகாது. எப்போதும் நாலு கல் மிஞ்சும், அடுத்த பேக்குக்கு நாலு கல் குறையும். பையன் நன்றாகவே ஆடுகிறான். இரண்டு பேருக்கு நடுவில் பந்தை நழுவவிடும் ஒரு பாஸை அவன் எப்படிப் பழகினான் என்று எனக்குக் காட்டினான். கண் மின்னியது. எதிரில் வந்தவன் வாங்கிச் சேர்த்த அணியோடு வந்தபோது அந்தப் பாஸ் எதற்கும் உதவவில்லை.

“நான் இன்னும் நல்லா ஆடணும் அத்தை” என்றான். குற்றம் தன்னுடையது என்று ஒரு பிள்ளையை நம்பவைத்து அந்த நம்பிக்கையில் காசு பார்ப்பதை நான் பாவம் என்றே சொல்வேன். வணிகம், தந்திரம் என்ற சொற்களெல்லாம் எனக்குப் போதவில்லை. மறைத்தலையும் அழித்தலையும் இவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அருளலுக்கு மட்டும் விலை வைத்துவிட்டார்கள்.

இலவச ஆட்டங்களின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. செகிரோ ஆட வேண்டுமானால் கன்சோல் வேண்டும், டிவி வேண்டும், ஆட்டத்துக்குத் தனி விலை. இந்த ஊரில் எத்தனை வீட்டில் அது முடியும்? கையிலிருக்கும் ஃபோனில் இலவசமாக வருவதைத்தான் பெரும்பாலான பிள்ளைகள் ஆட முடிகிறது. வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பதை நான் மதிக்கிறேன். தோற்றவரிடம் மட்டும் வசூலிக்காமல் அந்த வாசலைத் திறந்துவைக்க வழியில்லையா என்பதுதான் என் கேள்வி. உடை, வண்ணம், கொடி என்று அழகுப் பொருளை மட்டும் விற்றுப் பிழைக்கும் ஆட்டங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆசையைத் தூண்டும் வேலை அங்கேயும் நடக்கிறது. ஆனாலும் அங்கே என் தோல்விக்கு விலை இல்லை.

இனி ஈஸி மோட். இதில் எனக்கு எதிர்வாதம் செய்பவள் என் வங்கித் தோழி. ஸ்ரீரங்கத்தில், தென்கலை வைணவ வீட்டில் பிறந்தவள். “உங்க சிவன் பழுக்க வைப்பார், நீங்க பழுப்பீங்க. எங்க ஆத்துல அப்படி இல்லை” என்பாள். வைணவத்தின் பழைய வழக்கு அது. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். இறைவனைச் சரணடைவதற்கும் உயிரின் பக்கத்திலிருந்து ஒரு சிறு முயற்சி, பெயருக்காவது ஒரு காரணம் வேண்டும் என்றார் வேதாந்த தேசிகர். அருளுக்குக் காரணமே வேண்டாம், அது தானே வரும் என்றார் அவள் தென்கலையின் பிள்ளை லோகாசாரியார். செகிரோவில் ஈஸி மோட் வேண்டுமா என்ற சண்டையை அவளிடம் சொன்னபோது, “இதைத்தானே நாங்க நூற்றாண்டுக் கணக்கா போட்டுண்டிருக்கோம்” என்றாள். வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழித்து அவர்கள் வீட்டில் பரமபதம் ஆடுவார்கள். ஏணியும் பாம்பும் தாயக்கட்டை விழுவதைப் பொறுத்தவை, ஆடுபவரின் திறமைக்கு அங்கே வேலையே இல்லை. வைகுண்டத்துக்கு வழிகாட்டும் ஆட்டத்தில் திறமைக்கு இடம் வைக்காமல் போனது எங்கள் முன்னோர் தெரிந்தே செய்தது என்பது அவள் கட்சி.

அவளுக்கு நான் கொடுத்த ஆட்டம் ‘செலஸ்ட்’. 2018இல் வந்தது. மனப்பதற்றம் உள்ள மேடலின் என்ற பெண் ஒரு மலை ஏறுகிறாள். ஒவ்வொரு தாவலும் நூலிழைக் கணக்கு. ஆனால் அதில் அசிஸ்ட் மோட் உண்டு. ஆட்டத்தின் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம், பிடிமானம் தளராமல் வைக்கலாம், சாவே இல்லாமலும் ஏறலாம். எதைத் தொட்டாலும் காசு கிடையாது, கேலியும் கிடையாது. தோழி வேகத்தைக் குறைத்துக்கொண்டு உச்சிக்குப் போனாள். அழுதாள். நான் எதையும் குறைக்காமல் ஏறியவள். அவள் பார்த்த மலை வேறு, நான் பார்த்த மலை வேறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இங்கே நான் மியாசாகியை விட்டு விலகுகிறேன். என்னை விலக்கியதும் சித்தாந்தமேதான். உயிர்கள் எல்லாம் ஒரே பக்குவத்தில் இல்லை என்கிறது சிவஞான போதம். விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என்று மூன்று நிலை. முதல் வகையினருக்கு இறைவன் உள்ளிருந்தே உணர்த்துகிறான். அடுத்தவர்களுக்குத் தன் தெய்வ வடிவில் எதிரே வருகிறான். நம்மைப் போன்ற சகலர்களுக்கு மனித குருவாக, நம்மைப் போலவே உடம்பெடுத்து வருகிறான். எல்லோருக்கும் ஒரே கஷ்டம், ஒரே வாசல் என்பது அந்தக் கருணைக்குத் தெரியாத ஒன்று. விரல் மடங்காத ஒருவருக்கு எல்1 பொத்தானைக் கால்நொடிக்குள் தட்டு என்பது கஷ்டமே அல்ல, அது பூட்டிய கதவு. 2018இல் மைக்ரோசாஃப்ட் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கென்று பெரிய பொத்தான்களோடு அடாப்டிவ் கண்ட்ரோலரைக் கொண்டுவந்தது. 2020இல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ அறுபதுக்கு மேற்பட்ட அணுகல் வசதிகளோடு வந்தது. அவற்றால் யாருடைய வெற்றியும் சிறுத்துப் போகவில்லை. மியாசாகியே 2022இல் ‘எல்டன் ரிங்’ செய்தபோது, வழியில் மறிக்கும் எதிரியை அப்படியே விட்டு வேறு திசையில் அலைந்து பலம் சேர்த்து வரவும், ஆவித் துணைகளை அழைத்துக்கொள்ளவும் இடம் வைத்தார். செகிரோவுக்கும் அப்படி ஒரு கதவு வைத்திருந்தால் என் கெனிசிரோ எனக்கு அப்படியேதான் இருந்திருப்பான்.

ஆக, நல்ல கஷ்டத்துக்கு இரண்டு அடையாளம் கண்டேன் என்று நினைத்தேன். கொடுப்பவருக்கு ஆதாயம் இருக்கக் கூடாது, வாங்குபவரின் பக்குவம் தெரிந்து கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வாழ்க்கையின் துன்பத்துக்கும் விளக்கம் சொல்லிவிடலாம் என்று ஒரு காலத்தில் எழுதவும் உட்கார்ந்தேன். அப்போதுதான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். “ஆண்டவன் சோதிக்கிறான், தாங்கறவங்களுக்குத்தான் குடுப்பான்” என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள். அந்தப் பேச்சை என்னால் தாங்க முடியவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவைத்தது ஒரு புத்தகம். கனடாவில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் ‘தி கிராஸ்ஹாப்பர்’ என்ற நூலில் விளையாட்டு என்றால் என்ன என்று வரையறுத்தார். தேவையே இல்லாத தடையை ஒருவர் தானாக மனமுவந்து ஏற்று, அதைத் தாண்ட முயல்வதுதான் விளையாட்டு என்பது அவர் கருத்தின் சாரம். கோல்ஃப் ஆடுபவருக்குப் பந்தைக் குழியில் போடுவது மட்டும்தான் நோக்கம் என்றால் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிடலாம். கெனிசிரோவை நான் ஏற்றேன், வேண்டாமென்றால் அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். அப்பா எதையும் ஏற்கவில்லை. அவரை யாரும் கேட்கவில்லை. அவருடைய துன்பத்தை ஆட்டத்தின் கஷ்டத்தோடு ஒப்பிடுவதே அவமரியாதை என்று எனக்குப் பட்டது.

அப்பாவிடமே சொன்னேன். பேச்சு அப்போது குழறிக்கொண்டிருந்தது. ஆனால் வாதம் குழறவில்லை. “எனக்கு வந்ததை என் வினைன்னு நான் சொல்லிக்கலாம். அடுத்தவனுக்கு வந்ததை அவன் வினைன்னு சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை” என்றார்.

வீட்டுக்கு ஒரு பிசியோதெரபி பெண் வந்துகொண்டிருந்தாள். மேசைமேல் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைப்பாள். அப்பா இடது கையால் அதை எட்ட வேண்டும். நேற்று எட்டிய இடத்தைவிட ஒரு விரற்கடை தள்ளி வைப்பாள். கை நடுங்கி, நகர்ந்து, பாதியில் நிற்கும். அவள் கண் டம்ளரில் இருக்காது, அப்பாவின் தோளில் இருக்கும். தோள் தூக்கி ஏமாற்றினால் மெதுவாக அழுத்தி இறக்குவாள். களைத்துவிட்டார் என்று தெரிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் டம்ளரை இந்தப் பக்கம் நகர்த்திவிடுவாள்.

ஒரு நாள் அவள் போன பிறகு அப்பா சொன்னார்: “நீ சிவனைக் கொண்டுபோய் உன் கேம் செய்யறவனோட சேர்க்கிறே. அங்கதான் உனக்கு இடிக்குது. கேம் செய்யறவன் தடையையும் அவனே செய்யறான். இங்க ஆணவ மலம் யாரும் செஞ்சதில்லை. பதி அநாதின்னா பசுவும் அநாதி, பாசமும் அநாதி. பக்கவாதத்தை இந்தப் பொண்ணா கொண்டாந்தா? வந்து கிடக்கிறதை வச்சுக்கிட்டு வேலை பார்க்கிறா. அவளோட சேரு அவனை.”

பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டும் தளை; மூன்றுக்கும் தொடக்கம் இல்லை. சித்தாந்தத்தை அவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. கெனிசிரோவைப் படைத்த கையில் இறைவனைத் தேடுவதை அன்றோடு விட்டேன். தடையைப் படைத்து நீட்டும் கை ஒன்று, ஏற்கெனவே இருக்கும் தடைக்குள் ஒருவரை அளந்து அளந்து நகர்த்தும் கை வேறொன்று. ஆட்டம் செய்பவர்களுக்கு இரண்டாவது கையிலிருந்தும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. குறிப்பாக, கண் எங்கே இருக்க வேண்டும் என்பதை.

ஆனால் ஒன்று எனக்கு இன்னும் அடங்கவில்லை. அந்தப் பெண்ணால் முடிந்தது அவ்வளவுதான், அவளிடம் ஒரு டம்ளரும் ஒரு மணிநேரமும்தான் இருந்தன. எல்லாம் வல்லவன் என்று நாம் சொல்பவனுக்கு ஏன் இத்தனை பிறவி ஆகிறது? மலம் பழுக்கக் காலம் வேண்டும் என்றார் அப்பா. பழுப்பதற்கு இவ்வளவு காலம் ஆகும் என்று முடிவு செய்தது யார் என்று கேட்டேன். அதற்கு அவர் திருவருட்பயன் என்ற சித்தாந்த நூலை எடுத்துவரச் சொன்னார். இப்போது வாரத்துக்கு ஓர் அதிகாரம் வாசிக்கிறோம். பக்கத்தைப் புரட்டுவது அவருடைய இடது கை.